தை மழைக்குப் பிறகு கடைமடை

ஜனவரி 27, திருத்துறைப்பூண்டி

திருவாரூரைத் தாண்டியதிலிருந்து சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல். தார்ப்பாயில் கொஞ்சம், வெறும் தாரில் கொஞ்சம். ஓரத்தில் கல் அடுக்கி, மேலே வைக்கோல் பிரியைப் போட்டு எல்லை வைத்திருந்தார்கள். எங்கள் பஸ் டிரைவர் அந்த எல்லையை ஓரிடத்தில்கூட மிதிக்காமல் மறுபக்கமாகவே ஊர்ந்து வந்தார். எதிரே வந்த மணல் லாரியும் ஒதுங்கி நின்று வழிவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை.

முந்தாநாள் ராத்திரி மழை. தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சம்பா அறுப்புக்கு நிற்கிற நேரம்.

பஸ் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் (டீ 15 ரூபாய், வடை 10) பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கதிரை எடுத்து என் கையில் கொடுத்தார். கடைக்காரரிடம் காட்டத்தான் கொண்டுவந்திருந்தார். சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிர். விரலால் விலக்கிப் பார்த்தால் பத்து நெல்மணிக்கு இரண்டு மூன்றில் வெள்ளை முளை ஊசிமுனை அளவு எட்டிப்பார்க்கிறது. "இன்னும் ரெண்டு நாள் கெடந்துச்சுன்னா வயலே நாத்தங்காலு ஆயிடும் தம்பி" என்றார். குரலில் புலம்பல் இல்லை, கணக்கு சொல்கிற தொனிதான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இங்கே சம்பாவின் கணக்கே வடகிழக்குப் பருவமழையை நம்பிப் போட்டது. அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் மழை ஓய வேண்டும், பொங்கலுக்கு வானம் வெளுக்க வேண்டும், அப்புறம் அறுவடை. 2021 ஜனவரியில் அந்தக் கணக்கு தப்பியது. 2023-இல் பிப்ரவரி முதல் வாரத்தில் தப்பியது. சாகுபடியின் தொடக்கத்திலும் இதே கதைதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்க முடிந்தது. 2023-இல் சரியான தேதியில் திறந்தும் மேலே காவிரி பிறக்கிற பக்கம் மழை பொய்த்ததால் கடைமடையில் (வாய்க்கால்கள் முடிகிற கடைசிப் பகுதியில்) குறுகிய காலக் குறுவைப் பயிர் கருகியது. தண்ணீர் எந்த மாதம் வரும், மழை எந்த மாதம் நிற்கும் என்ற இரண்டுமே உறுதியில்லாமல் ஒருவர் ஆறு மா நிலத்தில் (மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர்) என்னதான் செய்வார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

சாயங்காலம், அரசு நெல் வாங்குகிற நேரடி கொள்முதல் நிலையம் ஒன்றுக்குப் போனேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். ஓர் அம்மா ஒரு நெல்மணியைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "பத்தொம்பது இருக்கும்" என்றார். மெஷினில் 19.2 காட்டியது. சிப்பம் கட்ட வந்த சாக்குகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுபடி நெல்லைப் பரப்பப் போய்விட்டார். வானம் மூட்டமாகவே இருந்தது.

அறை வாடகை 700 ரூபாய். ராத்திரி மெஸ்ஸில் தோசைக்குக் கெண்டைமீன் குழம்பு ஊற்றினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஜனவரி 28, ஆதிரெங்கம்

நெல் ஜெயராமனின் ஊர்ப் பக்கம். 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தவர், 2018 டிசம்பரில் மறைந்தார். இயற்கை விவசாயி நம்மாழ்வாரின் தூண்டுதலில் அவர் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார்கள், மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். விதையைக் காசுக்கு விற்காமல் பெருக்குகிற வழி. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கருப்புக் கவுனியும் பேச்சோடு பேச்சாக வருகின்றன.

நான் உட்கார்ந்து பேசிய வீட்டில் அப்பாவும் மகனும் ஐந்து மா வைத்திருக்கிறார்கள். அப்பா காட்டுயானத்தின் ஆள். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்கிற நெல், ஏறக்குறைய ஆறு மாதப் பயிர். வயலில் தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும் என்கிறார். மகன் சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகத்தைப் போடுகிறார். அது நேர் எதிர் குணம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிடுகிறேன்:

"சாதா நெல்லு தண்ணிக்குள்ள போச்சுன்னா மூச்சுக்குத் தவிச்சு மேல வளரப் பாக்கும். இருக்குற சத்தெல்லாம் அதுலயே தீந்துபோயி, தண்ணி வடியிறப்ப அழுகி விழுந்துடும். இது வளராது. அப்படியே அடங்கிக் கெடக்கும். வடிஞ்சதும் புதுசா இலை விடும்."

அந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. எஃப்.ஆர். 13ஏ என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்த மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டு, விளைச்சல் தரும் ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆக, மகனின் "புது" நெல்லுக்குள்ளும் யாரோ ஓர் ஒடிசா விவசாயி தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த விதைதான் இருக்கிறது. இதைச் சொன்னதும் அப்பா சத்தமாகச் சிரித்து, "அப்ப அதுவும் நம்ம நெல்லுதான்" என்றார்.

இருவரும் சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. பள்ளமான மூன்று மாவில் சப் 1, மேட்டில் ஒரு மா காட்டுயானம் வீட்டுக்கும் விதைக்கும், மீதி ஒரு மாவில் அந்த வருஷம் தண்ணீர் வருகிற தேதியைப் பார்த்து முடிவு. அணை தாமதமானால் 150 நாள் தாண்டுகிற பயிர் கட்டாது, 130 நாள் டி.கே.எம். 13 போடுவார்கள். தண்ணீரே தெரியவில்லையா, காய்ந்த புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். நாற்றங்காலுக்கான தண்ணீர் மிச்சம், நடவுக் கூலி மிச்சம். ஆனால் களை இரண்டு மடங்கு.

மதியம் பழைய சோறு, சுட்ட கருவாடு, உப்பு மாங்காய். இலையில் வைக்கும்போது அந்த வீட்டு அம்மா, "புது அரிசி இன்னும் வரல தம்பி, போன வருஷத்துது" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அந்தச் சோற்றுக்கு எதற்கு மன்னிப்பு?

கிளம்பும்போது மகன் சொன்ன ஒரு வார்த்தை மறுநாள்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. "சப் 1 மூழ்குனா தாங்கும். முழங்கால் தண்ணி ஒரு மாசம் நின்னா தாங்காது. இங்க நமக்கு நிக்கிறதுதான் தொல்லை."

ஜனவரி 29, தலைஞாயிறு

அறுவடை மெஷின் ஒன்று வயலுக்கு நடுவில் புதைந்து நின்றது. செயின் வண்டிதான், சேற்றில் போவதற்கென்றே இருப்பது. அப்படியும் புதைந்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த டிரைவர், இருபத்தைந்து வயது இருக்கும், செயினுக்கு அடியில் வைக்கோலையும் மூங்கிலையும் திணித்துக்கொண்டிருந்தார். வயல்காரர் கரையில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டயர் வண்டிக்கு மணிக்கு 1,800 ரூபாய், செயின் வண்டிக்கு 2,800. நிமிர்ந்து நிற்கிற பயிரை ஒரு மணி நேரத்தில் அறுக்கலாம், அதே அளவு வயல் சாய்ந்து கிடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. புதைந்த நேரத்துக்குக் காசு வேண்டாம் என்று டிரைவர் தானாகவே சொன்னார். வயல்காரர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவருக்கும் கூட வந்த பையனுக்கும் டிபன் வரவழைத்தார்.

நானும் இறங்கிப் பார்த்தேன். மழை நின்று நான்கு நாள் ஆகியும் கணுக்கால் தண்ணீர். "எவ்வளவு பெஞ்சுது?" என்று கேட்டதற்கு வயல்காரர் தலையை ஆட்டினார். "பெஞ்சது பெருசில்ல. போக வழி இல்ல. அங்க பாருங்க."

வயலை ஒட்டிய வடிகாலைக் காட்டினார். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. கரையிலிருந்து கரை வரை வெங்காயத்தாமரை, இரண்டு பக்கமும் நெய்வேலிக் காட்டாமணக்கு. டெல்டாவில் மேலே இருக்கிற தலைமடைக்காரரின் வடிகால்தான் பல இடங்களில் கீழே இருப்பவருக்குப் பாசன வாய்க்கால். ஆகவே அணை திறந்தால் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இதே ஊருக்குத்தான், மழைக்காலத்தில் மேலே இருக்கிற எல்லா ஊர்த் தண்ணீரும் வந்து நிற்கிறது. வருவதும் கடைசி, வடிவதும் கடைசி.

அங்கிருந்து ஒரு பெரியவரின் டிவிஎஸ் எக்ஸ்எல் பின்னால் உட்கார்ந்து ஆற்றின் முகத்துவாரப் பக்கம் போனேன். கடலை நெருங்கும் இடத்தில் ஷட்டர் வைத்த இயக்கு அணை. உப்புத்தண்ணீர் மேலேறி வராமல் தடுப்பதற்காகக் கட்டியது. பெரியவர் அதன் சூட்சுமத்தைச் சொன்னார். ஓதம் (கடலின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது ஷட்டரை மூட வேண்டும், இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். மூடினால் மழைத்தண்ணீர் வெளியே போகாது. ஓதம் இறங்குகிற சில மணி நேரத்தில் திறந்து வடிய விட வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும்போது வாடைக்காற்றும் சேர்ந்து கடலைத் தள்ளினால் அந்தச் சில மணி நேரமும் சுருங்கிவிடும். கடல் மட்டம் உயர்கிறது என்று செய்தியில் படிக்கிறோமே, அது இந்த மனிதருக்கு ஷட்டர் திறந்திருக்கிற நேரமாகத்தான் தெரிகிறது.

வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால் இவற்றைத் தூர்வாரி, கரைகளையும் இயக்கு அணைகளையும் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016-இல் திட்டம் ஒப்பந்தமானது. பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைத்தல் என்று பெயரிலேயே வைத்த திட்டம். பெரிய ஆறுகளில் வேலை நடந்ததை ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிற பத்தடி வடிகால்தான் யார் கணக்கிலும் சேராமல் கிடக்கிறது என்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். விதையை மாற்றலாம். விதைக்கிற பட்டத்தை முன்னே பின்னே தள்ளலாம். ஒரு குடும்பம் தன் வரப்புக்குள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் இவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் சொந்தக் காசில். வரப்புக்கு வெளியே இருக்கிற தண்ணீரை ஒற்றை ஆளாக யாரும் வடிய வைக்க முடியாது. "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு தேவை" என்று யாராவது மேடையில் பேசினால் இனி எனக்குக் கோபம் வரும்.

பக்கத்து ஊர் ஒன்றில் அதற்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள். சித்திரையில் மாவுக்கு 100 ரூபாய் வசூல். பள்ளத்து வயல்காரரும் மேட்டு வயல்காரரும் ஒரே தொகை கொடுக்க வேண்டும். அந்தக் காசில் பொக்லைன் வைத்து வடிகாலை வாருகிறார்கள். மேட்டுக்காரர் ஏன் கொடுக்கிறார் என்று கேட்டேன். "அவரு வயலு தண்ணியும் இது வழியாத்தான போவுது" என்றது பதில். வசூல் நோட்டைப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு, பெயருக்கு நேரே டிக். டிக் இல்லாத பெயர்கள் சிலவற்றுக்கு எதிரே "ஆள் வேலை" என்று எழுதியிருந்தது. காசு இல்லாதவர் உடம்பால் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் உம்பளச்சேரி மாடுகள். கட்டையான, உறுதியான உடம்பு. கன்று செம்மண் நிறத்தில் பிறந்து சில மாதத்தில் சாம்பலாக மாறும். இந்தச் சேற்றுக்கென்றே பழகிய இனம். மெஷின் புதைந்த வயலில் இது புதையாது என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார். ஆனால் உழவுக்கு இன்றைக்கு ஜோடி வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

ஜனவரி 30, வேதாரண்யம்

இருபது முப்பது கிலோமீட்டரில் மண் தலைகீழாக மாறிவிடுகிறது. நேற்று களிமண், இன்று கால் புதைகிற மணல். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாகப் 'புலம்' என முடிகின்றன. முல்லைத் தோட்டங்கள், மா, சவுக்கு.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கரையேறியது இந்த வட்டாரத்தில்தான். விழுந்த தென்னைகளின் கதையைச் சொல்லாத வீடு இல்லை. ஒருவர் தோட்டத்தில் முப்பது வருஷத்து மரங்கள் ஒரே ராத்திரியில் போயின. மறுபடி தென்னை வைத்தால் காய்ப்புக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் பாதிக்குத் தென்னங்கன்று, பாதிக்கு முல்லை என்று பிரித்தார். முல்லை சீக்கிரம் காசு தரும், புயலில் முறிந்தாலும் வெட்டிவிட்டால் துளிர்க்கும். இந்தத் தை மழையில் மாம்பூ கொட்டியது, முல்லைக்கு ஒன்றும் இல்லை.

தண்ணீர்தான் இங்கே நுட்பமான விஷயம். மணல் மேட்டில் விழுந்த மழைத்தண்ணீர் அடியிலிருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாக போர் போட்டு வேகமாக இறைத்தால் உப்பு மேலேறி வந்துவிடும், அப்புறம் அந்தக் கிணறு பல வருஷத்துக்கு உதவாது. அதனால் ஆழம் குறைந்த குட்டை வெட்டி, ஊறுகிற அளவுக்கு மொண்டு ஊற்றுகிறார்கள். ஓர் அக்கா இரண்டு கையிலும் குடத்தோடு குட்டைக்குள் படியிறங்கி, ஏறி, செடி மூட்டில் ஊற்றி, மறுபடி இறங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "மோட்டார் இருக்கு தம்பி. அது ஒரே இழுப்பா இழுத்துடும்" என்றார்.

வாடகைக்கு எடுத்த பைக் கருவேல முள்ளில் பஞ்சர். நல்ல வெயில். எதிரே வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் இறங்கி, ஒன்றும் கேட்காமல் ஒன்றரை கிலோமீட்டர் கூடவே தள்ளிக்கொண்டு வந்தார். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பஞ்சருக்கு 120 ரூபாய்.

ஜனவரி 31, காமேஸ்வரம் பக்கம்

நாகப்பட்டினம் போகிற வழியில் கடலோர வயல்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமித் தண்ணீர் ஏறிய நிலம். ஓர் அக்கா, ஐம்பது வயதைத் தாண்டியவர், குத்தகை சேர்த்து ஆறு மா பார்க்கிறார். வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். "போன வருஷத்துக்கு இப்ப பரவால்ல."

சுனாமிக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட்டு, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதார்கள். ஜிப்சம் போடச் சொன்னார்களா என்றேன். "ஜிப்சம் களருக்கு மருந்து. இது உவரு. நல்ல தண்ணிதான் மருந்து, அது வடியவும் செய்யணும்." களர் என்றால் சோடியம் ஏறி இறுகிய மண், உவர் என்றால் கரையும் உப்பு ஏறிய மண். மறுபடியும் வடிகால். வாய்ப்பாடு மாதிரி எல்லா ஊரிலும் இதே பதில்.

உப்பு அதிகமான துண்டில் குழியடிச்சான் போடுகிறார். இந்தக் கடலோரத்தின் பழைய நெல், உவரைத் தாங்கும். விளைச்சல் குறைவு, ஆனால் கைவிடாது.

காப்பீட்டைப் பற்றிக் கேட்டேன். சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். கட்டுகிறார். ஆனால் இழப்பை வருவாய்க் கிராமம் முழுமைக்குமான சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்த வருஷம் இவருடைய பள்ளத்து வயல் அழுகினாலும் சராசரி காப்பாற்றிவிடும், இவருக்கு எதுவும் வராது. குத்தகை நிலத்துக்கு அடங்கல் (யார், என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்குச் சான்று) வாங்குவது தனிப் போராட்டம். பள்ளத்து நிலத்துக்கென்று தனிக் கணக்கு வைப்பது முடியாத காரியமா என்ன? இத்தனை செயற்கைக்கோள் படங்கள் எடுக்கிற காலத்தில் அது முடிய வேண்டும்.

வயலில் இறங்கினால் நெல் தாளுக்கு நடுவே சின்னச் சின்ன உளுந்து முளைகள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். மிச்ச ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளில் விளைந்துவிடும். மழையில் தண்ணீர் நின்றால் விதை அழுகும், மெஷின் ஏறினால் முளை நசுங்கும். அக்கா இந்த வருஷம் இரண்டு மாவை மட்டும் ஆள் வைத்துக் கையால் அறுத்திருக்கிறார், பெண்களுக்கு 400 ரூபாய் கூலி. செலவு கூடுதல், உளுந்து பிழைத்தது. பள்ளத்து நான்கு மாவில் தெளித்தது அழுகிவிட்டது, அதில் மறுபடி தெளிக்க ஈரம் பதமாக இருக்கிறதா என்று தினமும் மிதித்துப் பார்க்கிறார்.

உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். கருப்பட்டி, நல்லெண்ணெய். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த ஆடிக்கு என்ன போடுவார் என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார்: பள்ளத்தில் மூன்று மா சப் 1, உவரில் ஒரு மா குழியடிச்சான், ஒரு மா தக்கைப்பூண்டுக்குச் சும்மா விடுவது, மீதி ஒன்று அணை திறக்கிற தேதியைப் பார்த்து. தலைஞாயிறு பக்கத்தில் நான் பார்த்த வசூல் நோட்டைப் பற்றிச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேட்டுக்காரரும் அதே தொகை கொடுக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அந்த ஊர் எது, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மகளைக் கூப்பிட்டு எழுதிவைக்கச் சொன்னார்.